பதினாறு டிகிரி மரியாதை

கதிர், மீனா... இந்த வாரம் அப்பா உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறேன். அம்மாவிடம் போனில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போனது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற பிள்ளைகளும் கேட்கலாம். சிரிப்பதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாக.

போன வாரம் இங்கே கத்தாரில் எனக்கு ஸ்பெஷல் டியூட்டி. ஒரு பாட்டுக்கார அம்மாவைத் தோஹா ஏர்போர்ட்டில் ஏற்றி, மூன்று நாள் அவருக்கே வண்டி ஓட்ட வேண்டும். பெயர் நூரியா. அறுபது வயதிருக்கும். ஒல்லியான உருவம், அதைவிடப் பெரிய கிடார் பெட்டி. ராஸ் லஃபான் கேஸ் ஆலைகளில் வேலை பார்க்கும் அவர் ஊர் இன்ஜினியர்கள் சேர்ந்து, குடியிருப்பு ஆடிட்டோரியத்தில் கச்சேரி வைத்திருந்தார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் ஹமீது பாயை உங்களுக்குத் தெரியும். தொண்டிக்காரர், சிரிக்காமலே பயமுறுத்துவார்.

"முருகேசு, விஐபி டியூட்டி. அந்தம்மா மூஞ்சி சுளிக்காம ஏறி, மூஞ்சி சுளிக்காம எறங்கணும். உன் லீவு பேப்பரு என் டேபிள்லதான் கெடக்கு, பாத்துக்க."

லீவு பேப்பர்! பதினைந்து மாதம் கழித்து உங்களைப் பார்க்க வரும் பேப்பர். சும்மா விடுவேனா?

இந்த ஊரில் விஐபிக்கு மரியாதை செய்வது எப்படி என்று எங்கள் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். வணக்கம் அப்புறம். கதவைத் திறந்துவிடுவதும் அப்புறம். முதலில் ஏசி! ஆள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே பதினாறில் வைத்து, வண்டியை ஐஸ்பெட்டி ஆக்கிவிட வேண்டும். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. உள்ளே காலை வைத்தவர் 'ஆகா' என்று சொல்ல வேண்டும். அதுதான் கணக்கு.

நான் ஒருபடி மேலே போனேன். பின்சீட்டு ஏசியின் வாயை நேராக அவர் முகத்துக்கே திருப்பி வைத்தேன். மரியாதை வழியில் சிந்திவிடக் கூடாதல்லவா?

நூரியா மேடம் ஏறினார். 'ஆகா' என்றுதான் சொன்னார். கொஞ்சம் நீளமாகச் சொன்னார்... அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என் இங்கிலீஷ் பத்தாம் வகுப்பு. அவருடையது அதைவிட ஒரு வகுப்பு கம்மி. அதனால் நன்றாகப் பேசிக்கொண்டோம்.

ஸ்பெயின்தானே மேடம் என்று கேட்டேன். நாடு அதுதான், ஆனால் என் பாஷை கத்தலான் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நம் முகத்தைப் பார்த்ததும் இங்கே எல்லாரும் இந்தியில் ஆரம்பிப்பார்கள். நாமும் சளைக்காமல் 'தமிழ், தமிழ்' என்போம். அந்த நிமிடத்திலிருந்து நாங்கள் ஒருவகையில் சொந்தக்காரர்கள்.

அவர் அப்பாவுக்குக் கடலோர ஊரில் மருந்துக்கடை. மகள் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. மகளோ மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பாட்டு எழுதினாள். முதல் பாட்டு எதைப் பற்றித் தெரியுமா? தினமும் இருமல் மருந்து கேட்டு வந்து நச்சரிக்கும் ஒரு கிழவரைப் பற்றி! அப்பா ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் மாத்திரை எண்ணிக்கொண்டே அவரே அந்தப் பாட்டை முணுமுணுத்தாராம். மாட்டிக்கொண்டார்.

பிறகு மீனவர்கள் சாப்பிடும் கடைகளில் பாடினார். ஒரு கச்சேரிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே பாடினேன் என்றார்.

ஒரு கம்பெனிக்காரர் வந்து, பெரிய பாஷையில் பாடு, பெரிய அரங்கம் தருகிறேன் என்றாராம். இவர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது: "எனக்குக் கனவு சின்ன பாஷையில்தான் வருகிறது. அதை மொழிபெயர்ப்பதற்குள் விழித்துக்கொள்கிறேன்."

நாற்பது வருடமாகச் சொந்த வார்த்தை, சொந்த மெட்டு. இப்போது அரங்கம் தானாக நிரம்புகிறது. மழையே தேவையில்லை.

சரி... தப்புக்கு வருகிறேன்.

முதல் நாள் மேடம் கழுத்தில் ஒரு துப்பட்டா மாதிரி சுற்றியிருந்தார். இரண்டாம் நாள் அல் கோர் கடற்கரை எல்லாம் சுற்றிக்காட்டினேன், கழுத்தில் இரண்டு இருந்தன. மூன்றாம் நாள் தலையைச் சுற்றி ஹோட்டல் துண்டு! பாட்டுக்காரர்கள் ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் மட்டும் என்ன? யூனிஃபார்முக்குள் ஸ்வெட்டர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். பல் தந்தியடித்தது. விஐபிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம், ஒத்திகை முடிந்து வண்டியில் ஏறியவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மூடிய கதவுக்கு அடியில் காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி.

ஹமீது பாய்க்குப் போன் போட்டேன். அவர் சத்தமே போடவில்லை. அதுதான் பயம். "அந்தம்மா பாடலைன்னா கலாஸ், கதை முடிஞ்சுது முருகேசு. கம்பெனிக்கு மேல என்னால பேச முடியாது. லீவு பேப்பரை நீயே வந்து எடுத்து மடிச்சு வச்சுக்க."

நான் போனை வைத்தேன். கை நடுங்கியது. பயமா, பதினாறா, தெரியவில்லை. மேடம் என் கையைப் பார்த்தார். காலருக்குள் எட்டிப்பார்த்த ஸ்வெட்டரைப் பார்த்தார். அப்புறம் அந்தக் காகிதச் சத்தத்தில் கேட்டார்:

"உனக்குக் குளிர்கிறதா?"

"குளிருது மேடம்."

"எத்தனை நாளாக?"

"மூணு நாளா."

"எனக்கும்."

இரண்டு பேரும் ஏசி நம்பரைப் பார்த்தோம். பதினாறு.

விஷயம் இதுதான். இந்த ஊரில் உபசரிப்பை வேண்டாம் என்று சொன்னால் அவமரியாதை என்று அவரிடம் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அவர் எனக்காக உறைந்தார். நான் அவருக்காக உறைந்தேன். மூன்று நாள், இருநூற்றைம்பது கிலோமீட்டர்... ஒருவராவது கேட்டோமா?

ஏசியை அணைத்தேன். நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். அடுப்பைத் திறந்த மாதிரி காற்று அடித்தது. மேடம் கண்ணை மூடி 'ஆகா' என்றார். இது நிஜ ஆகா. சின்னதாக, வேகமாக வந்தது.

நேரே நாங்கள் தங்கும் கேம்ப்புக்கு விட்டேன். மெஸ்ஸில் நம்ம பரமக்குடி செல்வம் இருக்கிறாரே, அவரிடம் மிளகு ரசம் கேட்டேன்.

"யாருக்குண்ணே?"

"ஸ்பெயின்ல இருந்து வந்த ஒரு பாட்டுக்காரம்மாவுக்கு."

"வெயில்ல ரொம்ப நேரம் நின்னியாண்ணே?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வாசலில் வண்டியையும் துண்டு கட்டிய தலையையும் பார்த்த பிறகுதான் உரலை எடுத்தார். மிளகை ஒரு கைப்பிடி கூடுதலாகவே தட்டினார். சர்வதேச விஷயம் இல்லையா?

மேடம் முதல் டம்ளரில் இருமினார். இரண்டாவதில் மூக்கு ஒழுகியது. மூன்றாவதில் கண்ணீரோடு ஏதோ கத்தலானில் சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் காதில் விழுந்தது! சத்தமாக விழுந்தது!

ரசமா, ஏசியை அணைத்ததா, சும்மா பேசாமல் ஓய்வெடுத்த நாலு மணி நேரமா... எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. செல்வத்திடம் கேட்காதீர்கள், அவருக்கு மட்டும் தெரியும்.

ஆறு மணிக்கு மேடை ஏறினார். முதல் பாட்டு சாக்குமூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரிதான் இருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று நான் வேண்டாத சாமி இல்லை. இரண்டாவது பாட்டில் குரல் மெல்லத் திறந்தது. நடுவில் கிடாரை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னார். அரங்கமே சிரித்துத் திரும்பி என்னைப் பார்த்தது. என்ன சொன்னாரோ! நான் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

அடுத்தது அந்த இருமல் கிழவர் பாட்டு. நடுவில் இருமுகிற இடங்களில் அவர் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

லீவு பேப்பரில் ஹமீது பாய் கையெழுத்துப் போட்டுவிட்டார். "இனிமே பாசஞ்சர்ட்ட ஏசி போதுமான்னு ஒரு வார்த்தை கேளுய்யா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் ஆபீஸிலும் பதினாறுதான்.

இப்போது உங்கள் விஷயம், கதிர், மீனா. போன லீவுக்கு உங்களுக்கு ஒரு கம்பளி கொண்டுவந்தேனே, புலிப் படம் போட்டது? மே மாதம், ஃபேனை ஐந்தில் வைத்து, இரண்டு பேரும் அதற்குள் மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தீர்கள். நெற்றியெல்லாம் வேர்வை. நல்லாருக்கா என்று கேட்டேன். "சூப்பர்ப்பா" என்றீர்கள்.

நீளமாகத்தான் சொன்னீர்கள். எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இந்த லீவுக்கும் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். இன்னும் பெரிய புலி. வெள்ளிக்கிழமை ரூமில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்து என் கட்டிலில் விரித்தேன். ஏசியைப் பதினாறில் வைத்தேன். புலியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெட்டியில் காலியான இடத்துக்கு என்ன வேண்டும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் மெசேஜ் போட்டேன்.