ஸ்பிரிங் இல்லாத கியர்

இது கட்டுக்கதை இல்லை. பிள்ளையார்பாளையத்தில், பட்டப்பகலில், ஒரு சனிக்கிழமை உச்சி வெயிலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டுப் படிக்கலாம். மெக்கானிக் மாணிக்கவேலும் அப்படிச் சிரித்தவன்தான்.

அந்த பைக்கைக் கொண்டுவந்தவள் தேவிப்ரியா. இருபத்து மூன்று வயது. பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற பெண். பைக்கும் ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாத ரகம். சீட்டே கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். பாறை மேல் ஏற்றி இறக்கும் ட்ரையல்ஸ் போட்டிக்கென்று செய்தது. இருபத்தைந்து வருடப் பழசு. சென்னையில் ஒரு புரோக்கரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி. கியர் லீவரோ உயிரில்லாமல் தொங்கியது.

"சனிக்கிழம மத்தியானம் வந்து எடுத்துக்கமா," என்று மாணிக்கவேல் வாக்குக் கொடுத்துவிட்டான்.

கோளாறு சின்னதுதான். மிதித்த லீவரைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங், இரண்டு துண்டாக உடைந்திருந்தது. அது இல்லாவிட்டால் அடுத்த கியர் விழாது. பாறையில் இறங்கும்போது கியர் விழாவிட்டால் கழுத்துதான் முறியும். மாணிக்கவேலுக்கு இது நன்றாகவே தெரியும். சென்னை, பெங்களூரு என்று போன் போட்டுப் பார்த்தான். செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை. மணி 12.40. இன்ஜின் கவரை மறுபடி கழற்றி, உடைந்த துண்டுகளை எடுத்துத் துணியின் மேல் வைத்தான். முடியாது என்று அவளிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தான். அது நெசவாளர் தெரு. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சாப்பாட்டு நேரம். அந்தத் தெருவில் தறிச் சத்தம் நின்றால்தான் காதுக்கு என்னவோ போல் இருக்கும்.

12.45.

டக்.

திரும்பிப் பார்த்தான். கியர் லீவர் கீழே அமுங்கியிருந்தது. தறியின் மிதிபலகை அமுங்குவது போல. பிறகு மெதுவாக... மேலே வந்தது.

ஸ்பிரிங் துணியின் மேல் கிடந்தது.

நிற்கிற வண்டியில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் கியர் விழும். சக்கரம் அசையவே இல்லை.

டக்... டக்...

லீவரைத் தொட்டான். சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் காலை எடுத்த மாதிரி. அமுக்கினான். திரும்பி வந்தது. பத்து முறை அமுக்கினான். பத்து முறையும் வந்தது.

12.58. போன் அடித்தது.

"அண்ணா, வண்டி ஏத்த குட்டி யானை லோடு வண்டியோட வந்துக்கினு இருக்கேன். ரெடிதானே?"

இங்கேதான் மாணிக்கவேல் தவறினான். வேலை செய்கிறதே, போதாதா என்று நினைத்தான். கொடுத்த வாக்கு வேறு. பேய் பிடித்த வண்டி என்று வாயைத் திறந்தால் தெருவே சிரிக்கும்.

"ரெடிமா," என்றான். கவரை மூடி போல்ட்டுகளை இறுக்கினான்.

1.15. வந்தாள். மிதித்துப் பார்த்தாள். குதித்தாள். "பழைய ஸ்பிரிங்க குடுங்கண்ணா."

புதுச் சாமான் போட்டால், கழற்றிய பழசைக் கஸ்டமர் கையில் கொடுப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். பழசு கைக்கு வந்தால் புதுசு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மாணிக்கவேல் உடைந்த இரண்டு துண்டுகளையும் அவள் கையில் வைத்தான். வாயால் சொல்லும் பொய்யைவிட அது பெரிய பொய்.

3.20. மறுபடி போன். பின்னால் இன்ஜின் உறுமியது.

"அண்ணா! உத்திரமேரூர் பக்கம் பழைய குவாரில பிராக்டீஸ். ஹெல்மெட் மைக்ல ஓட்டிக்கினே பேசறேன். செம்மயா இருக்குதுண்ணா! கியர் போட கால தூக்கவே வேணாம். நெனச்சாலே அதுவா விழுது..."

"எறங்குமா! வண்டில ஸ்பிரிங்கே இல்..."

போன் கட்டாகிவிட்டது. 3.21.

3.22. இவனே அவளுக்கு அடித்தான். மணி போனது, அவள் எடுக்கவில்லை.

3.24. எடுக்கவில்லை.

3.27...

அவளோ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். இவன் கையில் வெறும் போன். வண்டியோடு வந்த பழைய டூல்ஸ் பை பெஞ்சின் மேல் கிடந்தது. அதில் பெயிண்டால் எழுதியிருந்தது: விமல்ராஜ். கீழே ஒரு நம்பர். அதற்கு அடித்தான். 3.30.

ஒரு பெண் எடுத்தாள். "அவரு வொய்ஃப் கிரேஸ் பேசறேன்."

"உங்க பழைய பைக்கு பத்திம்மா. சார் இருக்காரா?"

"அவரால பேச முடியாதுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அந்த பைக்லதான் விழுந்தாரு. கழுத்துக்குக் கீழ அசைவே இல்ல, பேச்சும் போயிடுச்சு." சட்டென்று அவள் குரலில் சந்தோஷம் பொங்கியது. "ஆனா இன்னிக்குப் பன்னெண்டே முக்காலுக்கு எடது கால் அசைஞ்சுதுங்க! கீழ... மேல... கீழ... மேல. டாக்டரே அசந்துட்டாரு."

மாணிக்கவேல் போனைக் காதோடு அழுத்தினான். அந்தக் கால் நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

"அம்மா... கால அசைச்சுக்கினே இருக்கச் சொல்லும்மா. நிறுத்த வேணாம்னு சொல்லும்மா. ஒன் கால்ல விழறேன்."

"நின்னுடுச்சுங்களே."

"எப்ப?"

"மூணு இருபத்தொண்ணு. டாக்டர்கிட்ட சொல்லணுமேன்னு டைம் குறிச்சு வெச்சிருக்கேன்."

தேவிப்ரியாவை ஆறு மணிக்குக் குவாரிப் பள்ளத்திலிருந்து தூக்கினார்கள். உயிர் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மாணிக்கவேல் தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரை போகிறான். உள்ளே போக அவனுக்கு முகமில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை 9.10-க்கு கிரேஸ் போன் செய்தாள்.

"அவரு பேசிட்டாருங்க! ஆனா ஒண்ணுதான் புரியல. காலையில கண் முழிச்சதும், 'கால் வழுக்கிடுச்சு, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு'ன்னாரு. எந்தப் பொண்ணுங்க அது?"

அன்று போனில் மாணிக்கவேல் பைக்கைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தான். ஒரு பெண் ஓட்டினாள் என்று அவன் சொல்லவே இல்லை.