தம்பியைக் கேட்டால் போதும்

என் தம்பிக்கு மேற்குக் கடற்கரையிலுள்ள நிலக்கரி மின்நிலையத்தில் வேலை கிடைத்த பிறகு, மடவளையில் எங்கள் குடும்பத்தார் யாரும் மின்வெட்டு அட்டவணையைப் பார்ப்பதில்லை. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று அவனுக்கே போன் எடுப்போம். அங்கே அவன் செய்வது, கரி ஓடும் பெல்ட்டுக்குக் கீழே கொட்டும் தூளைக் கூட்டி அள்ளுவது. கல்யாணம் பேசியபோது பெண் வீட்டாரிடம் "மெஷின் ரூமில் பெரிய வேலை" என்று அளந்தவள் நான்தான். ஒரு சம்பந்தம் கூடிவர இவ்வளவுகூடச் சொல்லாமல் எப்படி? சொல்லிச் சொல்லிக் கடைசியில் நானே நம்பித் தொலைத்தேன்.

அந்த மின்நிலையம் பழுதாகி நாடெங்கும் வெட்டு நடந்த நாட்களில், என் வீட்டில் குஞ்சு பொரிக்கும் மெஷினுக்குள் நூற்றைம்பது முட்டை இருந்தன. கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு நான் வைத்த முதல் அடை அது. பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாள் சூடு குறையாமல் இருந்தால் குஞ்சு வெளியே வந்துவிடும். குறைந்தால் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பகுதிக்கு வெட்டு என்று அட்டவணையில் இருந்தது. என் கணவர் கூட்டாளியின் ஜெனரேட்டரை வீட்டு வாசல்வரை கொண்டு வந்துவிட்டார். நான் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"நாளைக்கு வெட்ட மாட்டாங்க, ராத்தா. இங்க மெஷின் ஸ்டார்ட் பண்ணியாச்சு. நீங்க பயப்பட வாணாம்."

உள்ளே வேலை செய்பவனே சொல்லும்போது அட்டவணை எதற்கு? ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கணவர் முணுமுணுத்தார். "எங்கட தம்பிய விட ஒங்களுக்குத் தெரியுமா?" என்று வாயடைத்தேன்.

சரியாக ஒன்பதுக்குக் கரண்ட் போனது. திரும்பி வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. சுடுநீர்ப் போத்தல்களை உள்ளே வைத்தேன், போர்வைகளால் மெஷினை மூடினேன், ஒன்றும் பலிக்கவில்லை. பதினொரு குஞ்சுதான் மிஞ்சியது. ஓட்டைக் கொத்தி, மூக்கை வெளியே நீட்டியபடியே செத்துக் கிடந்தவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி லீவில் வந்தான். ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவனின் முன்னால் செத்த முட்டைகளோடு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கி வைத்தேன்.

"யாரு ஒனக்குச் சொன்ன, மெஷின் ஸ்டார்ட் எண்டு?"

"யாரும் சொல்லல்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "மெஷின் நிண்டா எங்கள வெளியில அனுப்புவாங்க. எங்களுக்கு யாரு சொல்ற?"

"அப்ப தெரியா எண்டு சொல்ல ஒனக்கு வாய் இல்லயா?"

"எல்லாரும் கேக்கிறீங்க. எப்பிடித் தெரியா எண்டு சொல்ற?"

அந்த நேரம் பார்த்து மேசையிலிருந்த அவனுடைய போன் அடித்தது. நாவலப்பிட்டியிலிருந்து அவன் மாமியார். கை சோறாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"மகன், இண்டைக்கு அந்திக்குக் கரண்ட் போகுமா?"

"போகாது, மாமி," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. போனைப் பறித்தேன். "இவனக் கேக்காதீங்க. இவனுக்கு ஒரு மண்ணும் தெரியா. இவன் அங்க கரித்தூள் கூட்டுறவன். நான் அண்டைக்கு உங்களுக்குச் சொன்னது பொய்."



"அது எங்களுக்குத் தெரியும், மகள்," என்றார் அந்த அம்மா. "நிக்காஹ்வுக்கு முந்தியே விசாரிச்சதானே. கரண்ட் நேரம் பேப்பர்ல இருக்கு, அதப் பாத்துட்டுத்தான் நாங்க போன் எடுக்கிற. கேட்டா அவருக்கு ஒரு சந்தோஷம். அதுக்குத்தான்."

தம்பி பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். நான் கூப்பிடவில்லை. செத்த முட்டைகளின் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த மாமியாரும் நிறுத்திவிட்டார்.