ஏனக்காவின் தம்பி எழுதிய வரி

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து, கம்ப்யூட்டர் நிரலை வரிவரியாக முணுமுணுத்துப் படிக்கிறார் ஏனக்கா. "சரி, படிச்ச. அப்புறம் எங்க போற? ஏன் போற?" என்று கம்ப்யூட்டரைத்தான் கேட்கிறார். அதனால் வந்த பட்டப்பெயர் அது. எதிர்மேசைக்காரனான நான் ஆறு வருடமாகக் கேட்டும், சில நேரம் என்னைத்தான் கேட்கிறார் என்று பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் பார்த்துக்கொள்வது ஒரு குறியாக்க மென்பொருள். இணையத்தில் அனுப்புவதை வேறு யாரும் படிக்காதபடி பூட்டித் தருவது. பிறர் எழுதும் வரிகள் அவர் ஒப்புதல் இல்லாமல் உள்ளே போகா. டீ ஆறி ஏடு கட்டிய பிறகுதான் மடக்கென்று குடிப்பார். "சூடா குடிச்சா நாக்கு செத்துரும். நாக்கு இல்லாம நான் எப்படி வேலை பாக்கறது?"

போன மாதம் ஒருவர் ஒரு பழுதைக் கண்டுபிடித்து எழுதினார். இணையத்தில் 'நான் இன்னார்' என்று காட்டக் கம்ப்யூட்டர்கள் அனுப்பிக்கொள்ளும் சான்றிதழ் ஒன்றில், அதன் நீளம் பூஜ்ஜியம் என்று பொய்யாகக் குறித்து அனுப்பினால், மென்பொருள் ஓரடியும் நகராமல் அதே இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கும். ரகசியம் எதுவும் கசியாது. ஆனால் சர்வர் வேறு ஒருவருக்கும் பதில் சொல்லாது. ஒரே சான்றிதழால், எங்கள் மென்பொருளை நம்பியிருக்கும் ஒரு மருத்துவமனையையே முடக்கிப்போடலாம்.

அக்கா அந்த வரியைத் தேடிப் பிடித்தார். எழுதியது அவர் தம்பி. ஒப்புதல் தந்தது அவரே.

ஏழு வருடத்துக்கு முன்பு வரை தம்பியும் இங்கேதான் இருந்தாராம். தம்பியின் வேறொரு நிரலைப் பற்றி, எல்லோரும் படிக்கும் பொதுமடலில், "இது சின்னப்பிள்ளை வேலை" என்று எழுதிவிட்டார் அக்கா. "வீட்ல சொல்லியிருக்கலாம்லக்கா. ஊரே பாக்கவா எழுதணும்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். போன் எடுப்பதில்லை.

"அரை நாள் வேலைக்கா. நீங்களே திருத்திடலாமே" என்றேன்.

"திருத்தலாம்டா. அவனுக்கு எழுத ஒரு சாக்கு கெடச்சிருக்கு, விடுவேனா?"

பழுதை வெளியே அறிவிக்கப் பத்து நாள் இருந்தது. தன் திருத்தத்தையும் எழுதி ஓரமாக வைத்துவிட்டு, தம்பிக்கு மடல் போட்டார். நான்கு நாள் டீயைத் தொடவே இல்லை. ஐந்தாம் நாள் பதில் வந்தது: "திருத்தம் இணைத்துள்ளேன். நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்."

நான்கே வரி. பிசகே இல்லை.

"நீங்களாம்!" என்றார் அக்கா. "ஷூ லேஸ் கட்டிவிட்டு ஸ்கூல் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவ நான். நீங்களாம்!"

தேவையே இல்லாத ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பினார். மூன்று வரியில் பதில் வந்தது. அதை மத்தியானம் வரை படித்தார். பிறகு இன்னொரு சந்தேகம். "ஓகே குடுத்துட்டா அவன் போயிருவான்டா." ஆனாலும் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் இழுத்தால் யாரோ ஒரு நோயாளி காத்திருக்க வேண்டியிருக்கும்.

அறிவிப்பையும் அவரே எழுதினார். பழுதான வரியை எழுதியவர் பெயர் அதில் இல்லை. "சரிபார்த்தது நான். கவனிக்கத் தவறிவிட்டேன்" என்று மட்டும் இருந்தது. திருத்தியவர் என்ற இடத்தில் தம்பியின் முழுப்பெயர்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். தம்பியிடமிருந்து ஒரே வரி மடல்.

"பழி முழுசையும் நீ எடுத்துக்கிட்டிருக்க வேண்டாம்."

அக்கா 'நீ' என்ற எழுத்தின் கீழே விரலை வைத்து, எடுக்காமல் நின்றார்.