கழற்ற வருகிற கோட்டு

போன மாதம் தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோனார்.

பின்னே? மழைக்கோட்டு விற்கிற கடை. வெளியே நல்ல மழை. வாசலில் நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் ஒரு கோட்டை மாட்டுவதும் வெடுக்கென்று பிய்த்து எறிவதுமாக இருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. ஒற்றைக் கையால் ஒரு தடவை...

"ஏம்மா, இத்த போட்டுக்கினு போறதுக்கு வாங்கறியா, அவுத்துப் போடறதுக்கு வாங்கறியா?"

"அவுக்கறதுக்குத்தாங்க" என்றேன்.

அவர் கோட்டின் தையலைத் தொட்டுக் காட்டினார். "ஒரு சொட்டு உள்ள எறங்காதும்மா. அத்தப் பாரு. கியாரண்டி."

"எறங்கட்டுங்க. எறங்கின தண்ணி வெளியே போகுமா?"

கடைக்காரர் என் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். 'அம்மாவுக்கு எத்தினி நாளா இப்படி?' என்று கேட்கிற பார்வை. என் வீட்டுக்காரரோ மேலே தொங்கிய குடைகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் காரணம் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்தைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் உலோகத்துக்கு முலாம் பூசுகிற ஒரு பிளேட்டிங் கம்பெனியில் சார்ஜ்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பைத்தியம். மழை வந்தால் மற்ற வீடுகளில் பஜ்ஜி போடுவார்கள். எங்கள் வீட்டில் தூண்டிலை எடுப்பார். மழையில்தான் மீன் நன்றாகக் கடிக்குமாம். மீனிடம் கேட்டவர் போலவே சொல்லுவார்.

வேட்டைக்கும் ஆசைதான். ஆனால் துப்பாக்கி என்று வாயைத் திறந்தால் ஃபாரஸ்ட்காரர் வந்து நிற்பார். அதனால் எங்கள் வீட்டு வேட்டையெல்லாம் சேரப்பணஞ்சேரியைச் சுற்றியுள்ள ஏரிகளோடு சரி.

நனைந்து நனைந்து வந்து ஒவ்வொரு கார்த்திகையிலும் சளி, காய்ச்சல். அதனால் இந்த வருஷம் மழைக்கோட்டு விஷயத்தில் தீவிரமாக இறங்கினார். கடையில் விற்கிற எதுவும் பிடிக்கவில்லை. ஒன்று தையலில் ஒழுகுமாம். ஒன்று நடந்தால் சரசரவென்று சத்தம், மீன் ஓடிவிடுமாம். கடைசியில் ஒரு சாயங்காலம் சைக்கிள் கேரியரில் பெரிய மூட்டையோடு வந்து இறங்கினார்.

ஆசிட் தொட்டியருகே நின்று வேலை செய்கிறவர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் சூட். கோட்டு, பேன்ட், தலைக்குக் குல்லா, முழங்கால்வரை கம்பூட். கம்பெனியில் 'கண்டம்' என்று ஒதுக்கிப் போட்டதை மேனேஜரிடம் கேட்டு, கேட் பாஸோடு கொண்டுவந்திருந்தார்.

"ஆசிட்டே எறங்காது வசந்தா. மழை எறங்குமா?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். மூட்டையை வாங்கி உள்ளே வைத்தேன்.

எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான். நனைந்த கோட்டை முன்னறை ஆணியில் மாட்டுவார். அது ராத்திரி முழுக்கத் தரையில் சொட்டும். நான் துணியைப் போட்டுத் துடைத்துக்கொண்டே கத்துவேன். "ஏங்க, வெளியே மழை பத்தலைன்னு வீட்டுக்குள்ளேயும் கொண்டுவர்றீங்களா?" இது எங்கள் வீட்டில் மாதக்கணக்காக நடந்த சண்டை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கோ அந்த சூட்டின் மேல் ஒரே கண். ஸ்டெல்லா அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். யூரியா கோணியின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அவருக்கு மழைக்கால ஏற்பாடு முடிந்தது.

"ஏகாம்பரம் தம்பி, அடுத்த தபா கண்டம் பண்ணா எனக்கும் ஒண்ணு சொல்லி வையி. நீ தொரை மாதிரி ரப்பர் கோட்டு போட்டுக்கினு போற. நான் கோணிய கவுத்துக்கினு அலையறேன்."

"சொல்லி வைக்கிறேங்கா" என்று இவரும் பெருமையாகச் சொன்னார்.

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விடாமல் பெய்த மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் என்கிற வழிகால் சுவர் வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கம் இதைக் 'கோடி போகிறது' என்போம். தெருவில் யாரோ சைக்கிளில், "ஏரி கோடி போவுது..." என்று கூவிக்கொண்டே போனார். அவ்வளவுதான். ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கோடி போகிற அன்று மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறிவரும். கலங்கலுக்குக் கீழே நின்றால் வலைகூட வேண்டாம். கூடை போதும், முந்தானை போதும்.

என் வீட்டுக்காரர் முழு சூட்டையும் மாட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றார். கையில் சைக்கிள் டியூபை வெட்டிய நாலு பட்டை.

"கம்பெனில இப்படித்தான். மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் கட்டிடணும். ஆசிட் தெறிச்சாகூட உள்ள போவாது. நீ கட்டு."

கட்டினேன். கம்பூட்டுக்கு மேல் பேன்ட்டை இழுத்துவிட்டு, அதன் மேல் டியூபைச் சுற்றி இரட்டை முடிச்சு.

"இன்னும் இறுக்கு."

இறுக்கினேன். புருஷனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். நல்ல கெட்டியான முடிச்சு என்று எனக்கே ஒரு திருப்தி.

கலங்கலில் திருவிழாக் கூட்டம். கல்சுவரின் மேல் தண்ணீர் பாய் விரித்த மாதிரி வழிந்து கீழே பள்ளத்தில் விழுந்து நுரைத்துக்கொண்டிருந்தது. கெண்டை துள்ளுகிறது, கெளுத்தி நெளிகிறது. ஸ்டெல்லா அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் கோணியோடு, இடுப்பில் கூடையோடு பள்ளத்தின் ஓரத்தில் நின்றார். நாங்கள் போன நேரம் அவர் கூடையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அதைப் பார்க்காத ஆள் அங்கே யாருமே இருக்க முடியாது. அக்கா யாரையும் காட்டாமல் விடவில்லை.

என் வீட்டுக்காரர் கலங்கல் கல்லின் மேல் ஏறினார். பாசி. அடுத்த நொடி பள்ளத்தில் விழுந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். "சார்ஜ்மேன் நீச்ச பழகறாருபா" என்று ஒரு குரல். நானும்தான் சிரித்தேன். இடுப்பளவு தண்ணீர். அதில் விழுந்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, போதும், எழுந்து வாங்க" என்று கத்தினேன். காதை மூடிய ரப்பர் குல்லாவுக்குள் அது கேட்டிருக்காது. கலங்கிய தண்ணீரில் கறுப்பு சூட் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு கை மட்டும் மேலே வந்தது. விரல்கள் காற்றைப் பிடிக்கப் பார்த்தன. கை உள்ளே போய்விட்டது.

எனக்குப் புரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆம்பிளை ஏன் எழுந்து நிற்க மாட்டேன் என்கிறார்? நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் நகரவே இல்லை.

ஸ்டெல்லா அக்கா கூடையைப் போட்டார். விராலோடு போட்டார். தலையை ஒரு உதறு உதறினார், கோணி எங்கோ போய் விழுந்தது. அப்படியே பள்ளத்தில் குதித்து, இவர் காலரைப் பிடித்து முகத்தை மேலே தூக்கினார். அதற்கு மேல் தூக்க வரவில்லை.

"வசந்தா, நின்னுகினு இன்னாத்த பாக்கற? எறங்குடி. ஆள் அசைய மாட்டேங்கறாரு. உள்ள பூரா தண்ணி ரொம்பிக் கீது. கால் கட்ட அவுத்துவுடு."

அப்போதுதான் புரிந்தது. ஆசிட் வெளியிலிருந்து தெறிக்கும். அதற்குக் காலைக் கட்டினால் சரி. இங்கே தண்ணீர் கழுத்து வழியாக உள்ளே இறங்கிவிட்டது. இறங்கின தண்ணீருக்குப் போக வழி ஏது? நான்தான் நாலு பக்கமும் கட்டி வைத்திருக்கிறேனே. எழுந்திருக்க முயன்றால் குடம் குடமாகத் தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மேலிருந்து கலங்கல் தண்ணீர் வேறு அடித்துத் தள்ளுகிறது.

இறங்கினேன். தண்ணீருக்குள் துழாவி அவர் காலைப் பிடித்தேன். முடிச்சு கைக்குக் கிடைத்தது. என் முடிச்சு. நனைந்த ரப்பர், விரல் வழுக்குகிறது, நகம் இறங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எந்த முடிச்சைப் பார்த்துத் திருப்திப்பட்டேனோ, அதே முடிச்சு என் கையில் அவிழ மாட்டேன் என்கிறது. அவர் இருமுகிற சத்தம் கேட்கிறது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பல்லால் கடித்தேன். எத்தனை தடவை கடித்தேன் என்று தெரியாது. டியூப் அறுந்தது. அவர் முழங்காலைத் தோளில் போட்டுக்கொண்டு நான் எழுந்தேன். பேன்ட்டிலிருந்து தண்ணீர் கொட்டியது. கூடவே ஒரு சின்னக் கெண்டையும் வந்து விழுந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் பிடித்த ஒரே மீன் அதுதான்.

சிரித்தவர்களில் இரண்டு பேர் ஓடிவந்து கரையில் இழுத்துப் போட்டார்கள். குப்புறப் படுக்கவைத்ததும் தண்ணீராகக் கக்கினார். கண்ணைத் திறந்தார். முதலில் என்ன கேட்டார் என்று நினைக்கிறீர்கள்?

"அக்கா... உன் விராலு?"

ஸ்டெல்லா அக்கா சொட்டச் சொட்ட நின்றார். கூடை எப்போதோ ஓடைத் தண்ணீரோடு போய்விட்டிருந்தது.

"விராலு போனா போவுது தம்பி. நீ கீற."

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைக்கும்போது அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் கொஞ்சம். மீதியெல்லாம் நன்றியில். கோயிலில் கும்பிடுவது வேறு. நம் கண்ணெதிரே ஒரு மனுஷி நமக்காக ஒன்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருகிறாளே, அதைப் பார்த்துவிட்டால் நெஞ்சு தாங்குவதில்லை. அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அக்கா குதித்தார். இதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "ஆமா, பெரிய வார்த்தை. போயி மனுசனுக்கு மெளகு ரசம் வையி" என்று விரட்டிவிட்டார்.

அதனால்தான் தாம்பரத்துக்குப் போனேன். அந்தக் கடைக்காரரிடமும் கதையைச் சொன்னேன். வாசலில் காத்திருந்தவர்களும் உள்ளே வந்து கேட்டார்கள். கேட்டு முடித்ததும் கடைக்காரர் என் கையிலிருந்த கோட்டைப் பிடுங்கித் தானே மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பார்த்தார்.

"இது வேணாம்மா. கழுத்தாண்ட சிக்குது."

உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். அதையும் மாட்டிக் கழற்றினார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். முழங்காலோடு நிற்கிற நீளம். ஒரு இழுப்பில் மொத்தமும் விட்டுவிடுகிற பிரஸ் பட்டன். காதை மூடாத குல்லா, நான் கத்தினால் கேட்க வேண்டுமே. எந்தச் சேற்றுத் தண்ணீரிலும் தெரிகிற ஆரஞ்சு நிறம். காலுக்கு? ஒன்றும் வேண்டாம், வெறும் செருப்பு. கொஞ்சம் நனையத்தான் நனைவார். நனையட்டும், துண்டு எதற்கு இருக்கிறது? மழைக்கோட்டு வாங்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தண்ணீர் உள்ளே வருமா என்று எல்லோரும் பார்க்கிறோம். நாம் வெளியே வர முடியுமா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டு வாங்கினேன். ஒன்று இவருக்கு, ஒன்று ஸ்டெல்லா அக்காவுக்கு. அந்தக் கறுப்பு சூட்டை வெட்டிக் கிணற்று மோட்டார் மேல் மூடிவிட்டேன். மோட்டார் நனைவதில்லை. மோட்டாருக்கு எழுந்து நிற்கிற வேலையும் இல்லை.

அக்கா ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரு நடை நடந்தார். மழை இல்லாத நாளில். அப்புறம் என்னிடம் வந்தார்.

"கோட்டு சூப்பரா கீது. ஆனா விராலு விராலுதான். அத்த உன் வூட்டுக்காரன புடிச்சிக்கினு வரச் சொல்லு."

இவரும் விடாமல் போகிறார். ஒருநாள் மீன் கிடைக்காமல், படப்பை மார்க்கெட்டில் ஒரு விராலை வாங்கிக்கொண்டுபோய் நீட்டினார். அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்தார். "இது ஐஸ்ல தூங்கனது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. இவர் ஆரஞ்சுக் கோட்டும் தூண்டிலுமாகக் கிளம்பிப் போனார். நான் வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்துகொண்டே இந்தப் பத்தியை எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிகிறது. கோட்டைக் கழற்றி முன்னறை ஆணியில் மாட்டினார். அது தரையெல்லாம் சொட்ட ஆரம்பித்தது. துணியைக் கையில் எடுத்தவள், வாயைத் திறக்கவில்லை.

"இன்னிக்கும் ஒண்ணும் கெடைக்கல வசந்தா. வெறுங்கையோடதான் வந்தேன்" என்றார்.

வந்தாரே.