கூடாது என்று எழுதிய ரீச்சர்

“பரீட்சைத் தாளில ஒரு பிள்ளை இப்பிடி எழுதினா எத்தனை புள்ளி குறைப்பீங்க, சேர்?”

வாழைச்சேனைக்கு வடக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் முனையில், ஓர் அறிவிப்புப் பலகையின் கீழ் நின்றுகொண்டு பரமேஸ்வரி ரீச்சர் என்னிடம் இப்படிக் கேட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகள் தொலைபேசியில், “சேர், அம்மா போயிட்டா. நெஞ்சு நோகுது எண்டா, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முதலே...” என்று முடிக்காமல் அழுதபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தக் கேள்விதான்.

மட்டக்களப்பில் ஒரே பாடசாலையில் பல வருடங்கள் இருவரும் படிப்பித்தோம். அவர் விஞ்ஞானம், நான் தமிழ். வாழைச்சேனையில் அவருடைய தம்பி வீடு இருந்ததால் அடிக்கடி முனைக்குப் போவார். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பக்கம் அலை அடிக்கும் கடல், மறுபக்கம் முழங்காலளவு அசையாத நீர். பற்றைக்குள் மயிலும் உடும்பும் திரியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆலா என்னும் சிறிய வெள்ளைக் கடற்பறவைகள் அலை எட்டாத வெறும் மணலிலேயே முட்டையிடும். முட்டையும் மணல் நிறம். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பறவைகளுக்காகத்தான் அரச அலுவலகம் ஒன்று மும்மொழியில் பலகை நட்டது. மற்ற இரண்டு மொழிகளிலும் வாகனத்துக்குத் தடை. தமிழில் மட்டும், ‘இம்மணலில் வாகனம் செலுத்தக் கூடும்.’

நான் சிரித்துவிட்டு, “ஒரு புள்ளி குறைப்பன்” என்றேன். ரீச்சர் சிரிக்கவில்லை. அந்த நேரம் ஒரு ஜீப் வந்தது. அவர் கையை நீட்டி மறித்தார். ஓட்டி வந்தவர் தலையை வெளியே நீட்டி, “அம்மா, தமிழ் வாசிக்கத் தெரியாதா? கூடும் எண்டுதானே போட்டிருக்கு!” என்றார். வாழ்நாளெல்லாம் படிப்பித்தவரிடம்! ஜீப் போன தடத்தில் ரீச்சர் முழந்தாளிட்டு, மஞ்சட்கரு ஊறிய மணலை எனக்குக் காட்டினார்.

பலகை நட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். தமிழ் ஆசிரியன் அல்லவா, இரண்டு பக்கம் எழுதினேன். ‘மழை பெய்யக் கூடும்’ என்பது வேறு, ஆனால் ‘மருந்தை மாற்றிக் குடிக்கக் கூடும்’ என்று போத்தலில் எழுதினால் நோயாளியின் கதி என்ன என்று உதாரணமெல்லாம் கொடுத்தேன். பல மாதங்கள் கழித்து, என் மொழி ஆலோசனைக்கு நன்றி கூறி ஒரு வரியில் பதில் வந்தது. ரீச்சர் அதை வாசித்துவிட்டுக் கோபப்பட்டார்.

“முட்டை நசியுது எண்டு ஒரு வரி எழுதச் சொன்னன். நீங்க எதிர்மறை வினை படிப்பிச்சிருக்கிறீங்க, சேர்!”

அவர் சொன்னது உண்மை. முட்டை என்ற சொல்லே என் கடிதத்தில் இல்லை.

பிறகு அவரே அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேசையில் இருந்தவர், “பலகை கொழும்பால வந்தது, ரீச்சர். நாங்க கைவைக்க ஏலா. மறுகா பாப்பம்” என்றார்.

“மறுகா எண்டா எப்ப, தம்பி? குஞ்சு பொரிச்ச பிறகோ, செத்த பிறகோ?”

அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

போன வருடம் கச்சான் தொடங்கியதும் ரீச்சர் எனக்கு அழைப்பெடுத்தார். “கறுப்புப் பெயின்ற் வாங்கிட்டன். ஏணியைப் பிடிக்க வாறீங்களோ?” நான், “இன்னுமொருக்கா எழுதிப் பாப்பம், ரீச்சர்” என்றேன். அறுபத்தெட்டு வயதில் அவர் தனியே ஏணியில் ஏறி, ‘கூடும்’ என்பதை அழித்து, தம் அழகான கரும்பலகைக் கையெழுத்தில் ‘கூடாது’ என்று எழுதினார். வாகனங்கள் தார் வீதியிலேயே நின்றன. குஞ்சுகள் ஓடுவதைக் கண்டேன் என்று தொலைபேசியில் பிள்ளையைப்போலக் கத்தினார்.

மூன்று கிழமைதான். என் கடிதத்துக்கும் ரீச்சர் நேரில் போனதற்கும் அசையாத அலுவலகம் ஆளனுப்பி, பலகையைத் துடைத்து, பழைய ‘கூடும்’ என்பதை அச்சுப் பிசகாமல் திரும்ப எழுதியது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக ரீச்சருக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதில் ஐந்து எழுத்துப் பிழைகள் இருந்தன. அவர் அவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். இந்த வருடமும் ஏற இருந்தார்.

சவ அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் நான் முனைக்குப் போனேன். பலகை அப்படியே நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான். அந்த ஏணியை நான் பிடித்திருக்கலாம். மணலெங்கும் சக்கரத் தடங்கள். இரண்டு தடங்களுக்கு நடுவே, உச்சி வெயிலில், ஓர் ஆலா தன் முட்டைகளின்மேல் சிறகை அரைவாசி விரித்து நிழல் பிடித்துக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள், ரீச்சர்.

இதை வாசிக்கிறவர்களே, முனைக்குப் போகும்போது வாகனத்தைத் தார் வீதியில் விட்டுவிட்டு, அலை நனைத்த ஈரமணலில் மட்டும் நடந்து பாருங்கள்.