முப்பது கிளாஸ், ஐந்து நாள் கப்பல்

கப்பல் டிக்கெட் விற்கும் வேலையில் ஒரு வசதி, கப்பலே தேவையில்லை. ஒரு மேசை, ஒரு ரப்பர் முத்திரை, கொஞ்சம் சிரித்த முகம் இருந்தால் போதும். எழுபதுகளின் நடுவில் தொடங்கிப் பதினோரு வருடம், ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பயண ஏஜென்சியில் உட்கார்ந்து நான் அப்படித்தான் கடல் பயணம் விற்றேன். கடலை நான் பார்த்தது லூமுட்டில் ஒரே ஒருமுறை, அதுவும் பஸ் சன்னல் வழியாக. நகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு பெண்டாட்டிக்குக் கவரிங் வாங்கிக் கொடுத்தவர்கள், கல்யாணப் பந்தியில் பரிமாறிவிட்டு வீட்டில் வந்து பழைய சோறு தின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம் வயிற்றெரிச்சல் ஒரே ரகம்.

பினாங்கிலிருந்து புறப்பட்டு ஐந்து நாள் சுற்றிவிட்டு வரும் உல்லாசக் கப்பல் அது. சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி, குடிப்பது தனி. அதற்காகக் கம்பெனி ஒரு சீட்டுப் புத்தகம் போட்டிருந்தது. புத்தகத்துக்கு முப்பது சீட்டு. ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் ஒரு கிளாஸ், பியரோ ஸ்டவுட்டோ ஆரஞ்சோ எதுவானாலும். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. பெயர் எழுத வேண்டியதில்லை, ஒரு வருடம் வரை செல்லும், மிஞ்சினால் பணம் திரும்பாது. டிக்கெட் எடுக்க வந்த அத்தனை பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இதை வாங்கினால் லாபமா, நட்டமா?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், கம்பெனி எங்களுக்கு ஆசை காட்டியது. டிசம்பர் கடைசி வேலை நாள்வரை எங்கள் ஆபீஸில் யார் அதிகப் புத்தகம் விற்கிறாரோ அவருக்கு அந்தக் கப்பலில் இரண்டு பேர் போகும் அறை இலவசம். கப்பல் மேசையில் இருந்தது நானும் சுந்தரமும்தான். சுந்தரம் கோப்பெங்காரன், எனக்குப் பிறகு சேர்ந்தவன், என்னை வாய் நிறைய அண்ணே என்பான். டிக்கெட் எடுத்தவர்கள் அவனுக்கு மட்டும் ரம்புத்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்காது.

பீடோர் மண்டோர்

பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவியோடு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய பணம். அந்த அம்மாள் புதுச் செருப்பைக் காகிதத்தில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். இன்னும் மூன்று வாரம் இருந்தது பயணத்துக்கு. அந்தச் செருப்பைப் பார்த்ததுமே எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

சீட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். மண்டோர் அதை வாங்கி, காலைப் பெரட்டில் ஆள் எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி முப்பது சீட்டையும் எண்ணினார். "நாளைக்கு ஆறு. நமக்கு சாயங்காலம் ரெண்டுதான் பழக்கம் தம்பி. லாபமா?" என்றார். கப்பலில் காற்று அதிகம், தாகம் எடுக்கும் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் அறியாத காற்று, நான் அறியாத தாகம். அவர் சட்டைப்பையில் கை விட்டபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க வேற தம்பி. இவரு கரையில ரெண்டு கிளாஸ் குடிக்கிறவரு. இத வாங்கிக் குடுத்தா வீணாப் போவக்கூடாதுன்னே ஆறு குடிச்சு மாபோக் ஆயி விழுந்துடுவாரு. அப்புறம் கப்பல யாரு பாக்குறது, நான் இவரப் பாக்கணும்லா."

ஆறு காவடி

தீபாவளி முடிந்த மறுவாரம் தெலுக் இந்தானிலிருந்து ஆறு நண்பர்கள் வந்தார்கள். ஊருக்குப் பெயர் மாறிய புதிது, அவர்கள் தெலுக் ஆன்சன் என்றுதான் சொன்னார்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. ஆறு பேரும் வருடா வருடம் ஈப்போவில் தைப்பூசக் காவடி எடுப்பவர்கள், அதற்கு முன் நாற்பத்தெட்டு நாள் விரதம். "விரதம் டிசம்பர் கடைசியிலதான் தொடங்கும். அதுக்குள்ள ஒருதடவ நல்லா ஆடிட்டு வந்துடலாம்னு" என்றான் அவர்களில் மூத்தவனான பாலு. டிசம்பர் நடுவில் புறப்படும் கப்பலுக்கு டிக்கெட்டும், ஆளுக்கொரு சீட்டுப் புத்தகமும் கேட்டார்கள்.

அடுத்த வருடக் காலண்டர் அந்த வாரம்தான் மளிகைக் கடையிலிருந்து வந்திருந்தது. என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. எனக்கு அதில் தைப்பூசம் எப்போது என்று தெரியும், ஏனென்றால் விடுமுறை நாட்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போன தைப்பூசம் பிப்ரவரியில் வந்தது. வரப்போவது ஜனவரியில். விரதம் டிசம்பர் இரண்டாம் வாரமே தொடங்கிவிடும், இவர்கள் கப்பலில் கால் வைக்கும்போது மாலை போட்டிருப்பார்கள். ஆறு புத்தகம். சுவரில் தொங்கிய விற்பனைக் கணக்குப் பலகையில் சுந்தரம் என்னைவிட ஐந்து முன்னால் இருந்தான். "தேதியெல்லாம் சரியா வரும்ல?" என்று பாலு கேட்டான். நான் தலையை ஆட்டி வைத்தேன். அவன் நண்பர்களிடம் திரும்பிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது:

"அண்ணே நம்ம ஆளுலா. தப்பா இருந்தா சொல்லாம இருப்பாரா?"

ரயில்வேக்காரர் நாற்காலி மாறினார்

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவரும் மனைவியும் தேநீரைத் தவிர எதையும் தொடாதவர்கள். நாளைக்கு ஆளுக்கு மூன்று தேநீர் என்று அவரே கணக்குப் போட்டு, ஒரு புத்தகம் இருவருக்கும் சரியாக வருகிறதே என்று மகிழ்ந்துபோனார். நானும் கூடச் சேர்ந்து மகிழ்ந்தேன். கம்பெனி கொடுத்த தாளின் அடியில், எறும்பு மாதிரியான எழுத்தில், தேநீரும் காப்பியும் சாப்பாட்டுக் கூடத்தில் இலவசம் என்று போட்டிருந்தது. அந்த எழுத்தைப் படிக்க எனக்கும் ஒரு கண்ணாடி தேவை என்று என் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து மேசையிலிருந்து சுந்தரம் எட்டிப் பார்த்து, "ஐயா, தேத்தண்ணி அங்க சும்மாவே குடுப்பாங்க. ஒங்களுக்கு இது வேணாம்" என்றான். பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு போய் சுந்தரத்தின் முன்னால் உட்கார்ந்தார். மறுவாரம் அவருடைய இரண்டு மருமகன்களும் குடும்பத்தோடு வந்து, சுந்தரம் யார் என்று கேட்டு, அவனிடமே டிக்கெட்டும் நாலு புத்தகமும் வாங்கினார்கள். உண்மை பேசி ஒருவன் நாலு புத்தகம் விற்பதைப் பார்த்துக்கொண்டு, பொய் பேசியும் ஒன்றும் விற்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூட வந்திருந்த பெரியவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்:

"வேண்டாம் எண்டு சொன்ன பிள்ளையிட்ட வாங்கினால்தான் நெஞ்சுக்கு நிம்மதி."

பச்சைச் சேலை

என் மனைவி வசந்தா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கல்யாணமான வருடம், நான் கப்பல் கம்பெனி ஆள் என்ற பெருமையில், அடுத்த வருடமே உன்னைக் கப்பலில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. இலவச அறை என்று கேள்விப்பட்ட அன்றே அவள் பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை ஒன்றை எடுத்துவந்து, கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு என்று தனியாக வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டாள்.

தினமும் நான் வீடு திரும்பியதும் பலகையில் யார் முன்னால் என்று கேட்பாள். சுந்தரம் என்றால் தட்டை ணங்கென்று வைப்பாள். டிசம்பரில் ஒரு நாள், ரயில்வேக்காரர் கதையைச் சுந்தரத்தின் குற்றமாக மாற்றி அவளிடம் சொல்லி முடித்தேன். அவள் கேட்டாள்:

"தேத்தண்ணி சும்மான்னு ஒங்களுக்கும் தெரியும்தானே?"

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம்

டிசம்பர் கடைசி வேலை நாள். பலகையில் இருவரும் சமம். மழை பிடித்துக்கொண்டது, மதியத்துக்கு மேல் ஒரு ஆள் வரவில்லை. சுந்தரம் கவலையே இல்லாமல் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். அவன் கவலைப்படாததுதான் எனக்குப் பெரிய கவலை. ஐந்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் என் சொந்தப் பணத்தை எடுத்துக் கல்லாவில் போட்டு, ஒரு புத்தகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயர் தேவையில்லாத புத்தகம்தானே.

எங்கள் மேலாளர் சபாரத்தினம், இவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், சட்டப்படி நடப்பவர், பலகையில் என் பக்கம் ஒரு கோடு கூட்டினார். வெளியே மழையைப் பார்த்தார், காலியான நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் வரேல்லயே காணும். ஆர் குடிக்கிறதுக்கு இது?"

நூற்றெண்பது கிளாஸ்

புது வருடத்தின் முதல் வேலை நாள் காலையில், சபாரத்தினம் முடிவை அறிவிக்கலாம் என்று எழுந்து நின்ற நேரத்தில், தெலுக் இந்தான் ஆட்கள் ஆறு பேரும் உள்ளே வந்தார்கள். தாடி, கழுத்தில் மாலை, கையில் ஒரு கூடை ஆரஞ்சு. கோபமாக வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே வந்தார்கள். டிக்கெட் எடுத்த பிறகுதான் கோயிலில் தேதி தெரிந்ததாம். டிக்கெட்டை மாற்ற முடியாது என்பதால் மாலையோடே கப்பல் ஏறிவிட்டார்கள். "அண்ணேகிட்ட தேதி சரியான்னு கேட்டேன், அவரும் கவனிக்கல போல, பரவால்லலா" என்று பாலு எல்லார் முன்னாலும் என்னை மன்னித்தான். சபாரத்தினம் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: காலண்டர் அப்போது வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றேன். அந்த ஒரு உண்மையை மட்டும் ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சபாரத்தினம் துணியை எடுத்து, பலகையில் என் பக்கத்தில் ஆறு கோடுகளைத் துடைத்தார். அறை சுந்தரத்துக்குப் போனது. பாலு கூடையை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னான்:

"விரதத்துல வேற எதக் குடிக்கிறது அண்ணே, நூத்தி எம்பது சீட்டுக்கும் ஆரஞ்சுதான். கப்பல்ல இருந்தவன்லாம் எங்களுக்கு ஏதோ வியாதின்னு நெனச்சு ஒதுங்கி ஒக்காந்தான். குடிச்சுப் பழகிடுச்சு, அதான் ஒங்களுக்கும் கொஞ்சம் வாங்கியாந்தோம்."

சுந்தரம் கடலுக்குப் போனான்

வசந்தா அந்தப் பச்சைச் சேலையைப் பொங்கலுக்குக் கட்டிக்கொண்டாள். நான் வாங்கிய சீட்டுப் புத்தகம் மட்டும் சாமிப் படத்துக்குக் கீழே கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவளே அதை எடுத்து என் சட்டைப்பையில் வைத்து, சுந்தரத்திடம் கொடுத்துவிடுங்கள், யாராவது குடிக்கட்டும் என்றாள். கொடுத்தேன். அவன் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்திலும் என் மனது, முப்பது கிளாஸையும் இவனும் இவன் பெண்டாட்டியும் கப்பல் மேல்தட்டில் உட்கார்ந்து குடிக்கும் அழகை நினைத்துக் கொதித்தது.

கப்பல் ஏறிய ஆறாம் நாள் சுந்தரம் ஆபீஸுக்கு வந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பாதி ஆளாக இருந்தான். என் மேசைக்கு நேராக வந்து புத்தகத்தை வைத்தான். முப்பது சீட்டும் அப்படியே இருந்தன. பினாங்கு துறைமுகம் தாண்டியதும் தொடங்கிய வாந்தி இறங்கும்வரை நிற்கவில்லையாம், சும்மா கொடுக்கும் தேத்தண்ணிகூட உள்ளே தங்கவில்லையாம், பெண்டாட்டியும் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லையாம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரத் தொடங்கியது, பொய் சொல்லவில்லை. அதற்குள் அவன் வாயைத் திறந்து அதையும் கெடுத்தான்:

"ஒங்க புத்தகத்துல ஒரு சீட்டுகூட கிழிக்க முடியல அண்ணே, மன்னிச்சிடுங்க. அஞ்சு நாளும் கட்டில்ல கிடந்தேன், வட்ட சன்னல் வழியா கடலப் பாத்துக்கிட்டு."

லாபமா நட்டமா என்று பதினோரு வருடம் பேராக் மாநிலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்த எனக்கு, கப்பலே ஏறாமல் அந்தப் புத்தகத்தை வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.