அனுமதி கிடைத்த அன்று

மாத்தளையில் ஒரு கத்தோலிக்கத் தனியார் பள்ளி. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். அதாவது, ஒரே கூரையின் கீழ். தலைமைச் சிஸ்டரின் அனுமதியில்லாமல் ஒரு பையன் ஒரு பெண்ணோடு பேசினால் இருவர் பெயரும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து வெட்டப்படும். கூடப்பிறந்தவர்களுக்கும் இதே சட்டம்தான். சாத்தானுக்கு உறவுமுறை தெரியாதல்லவா?

ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பாக்கியமேரி பத்தாம் வகுப்பு. தம்பி சவரிநாதன் எட்டாம் வகுப்பு. அறுபத்தாறாம் ஆண்டு ஒரு காலை, தோட்டத்து லொறிக்காரர் தம்பியை வாசலுக்கு அழைத்தார்.

"அப்பா தவறிட்டாருடா. தோட்டத்துத் தொர ஆளுங்களுக்கு அரநாள்தான் லீவு குடுத்திருக்காரு, மத்தியானத்துக்குள்ள எடுத்துருவாங்க. அக்காவக் கூட்டிக்கிட்டு ஓடியா."

சவரிநாதன் ஒழுக்கமான பையன். அழுதுகொண்டே அக்காவின் வகுப்பைக் கடந்து அனுமதி கேட்கப் போனான். சிஸ்டர் மௌனத் தியானத்தில் இருந்தார். மௌனத்தைக் கலைப்பதும் குற்றம் என்பதால் கதவோரம் கைகட்டி நின்றான். மதிய மணி அடித்த பிறகு அனுமதி முறைப்படி கிடைத்தது.

இருவரும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழி தோண்டியவர்கள் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஜன்னலோரந்தானேடா இருந்தேன்? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீயுந்தான் நான் அழுதுகிட்டுப் போனதப் பாத்த. ஏன்டான்னு கேட்டியாக்கா?"

அவளும் ஒழுக்கமான பெண்தான். அடுத்த மாதமே படிப்பை விட்டு, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். பள்ளி அவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தனுப்பியது.